கேள்வி வாசல்: பறக்கப் பழகப் போன பிள்ளைகள்

சென்ற இதழில் ரத்மலானையில் நான் வேலை பழகிய காலத்தைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதில் பயிற்சி விமானங்களையும் அவற்றில் பழகப் போய் இறந்த பிள்ளைகளையும் பற்றி வந்தது இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஆகவே தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் 1966இல், பதினெட்டு வயதில் ஒரு ஹேங்கரில் உதவியாளாகச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன். விமானம் ஓட்டியதில்லை. ஓட்டியவர்களுக்காகத் துடைத்து, திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பியவன்.

கேள்வி (மாணவர், கொட்டாஞ்சேனை): பெர்முடா முக்கோணத்தில் ஐந்து இராணுவ விமானங்கள் ஒரே நாளில் மாயமானதாக ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா, ஐயா? நான் விமானவியல் படிக்க ஆசைப்படுகிறேன்.

விமானங்கள் திரும்பி வராதது உண்மை, தம்பி. அது ஒரு பயிற்சிப் பறப்பு என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1945 டிசம்பர் 5. உலகப்போர் முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் ஃபோர்ட் லோடர்டேல் கடற்படைத் தளத்திலிருந்து பின்னேரம் 2.10க்கு ஐந்து அவெஞ்சர் விமானங்கள் கிளம்பின. மொத்தம் 14 பேர். தலைவர் போரில் பறந்தவர். மற்ற விமானிகள் மேற்பயிற்சியில் இருந்தவர்கள். கடலுக்கு மேல் கிழக்கே போய், ஓரிடத்தில் குண்டு போட்டுப் பழகி, வடக்கே திரும்பி, பிறகு தளத்துக்கு வர வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

திரும்பும் வழியில் தலைவர் தன் இரண்டு திசைகாட்டிகளும் வேலை செய்யவில்லை என்று வானொலியில் சொன்னார். கீழே தெரிந்த தீவுகளை அவர் புளோரிடாவின் தென்முனையில் உள்ள கீஸ் தீவுகள் என்று நினைத்தார். அவர்கள் உண்மையில் நின்றது பஹாமாஸ் பக்கம். ஒரு வரைபடத்தை எடுத்து இரண்டு இடத்திலும் விரலை வைத்துப் பாருங்கள். கீஸிலிருந்து வடகிழக்கே போனால் தரை வரும். பஹாமாஸிலிருந்து வடகிழக்கே போனால் அத்திலாந்திக் சமுத்திரம்தான் வரும். இருட்டியது, கடல் கொந்தளித்தது, எரிபொருள் தீர்ந்தது. வெறுமையாகவே ஐந்து தொன்னுக்குக் கிட்ட எடையுள்ள விமானம் அது. இரவில் அலைமேல் இறங்கினால் எவ்வளவு நேரம் மிதக்கும்?

தேடப் போன மரினர் விமானம் ஒன்றும் 13 பேருடன் திரும்பவில்லை. அந்த நேரம் அங்கே போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் தீப்பிழம்பைக் கண்டது.

கடற்படை முதலில் தலைவர்மேல் பழியைப் போட்டது. அவருடைய தாய் விடவில்லை. போராடினார். 1947இல் ‘காரணம் தெரியாது’ என்று அறிக்கையை மாற்றினார்கள். ‘பெர்முடா முக்கோணம்’ என்ற பெயர் பிறந்ததே 1964இல், ஓர் அமெரிக்கச் சஞ்சிகைக் கட்டுரையில். மர்மக் கதை கேட்கிறவர்களுக்கு அந்த 27 பேரின் வயதோ வீடோ கண்ணில் படுவதில்லை. எனக்கு அதுதான் மனவருத்தம். நீங்கள் விமானவியல் படியுங்கள். திசையறிதலை முதலில் படியுங்கள்.

கேள்வி (வாசகி, வெள்ளவத்தை): ஐயா, என் அப்பா சென்ற வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் இந்தப் படம் இருந்தது. என் பெரியப்பா 1950களில் இங்கிலாந்துக்குப் பறக்கப் பழகப் போய் அங்கேயே இறந்தவர். வீட்டில் அவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ‘அவன் பிழை விட்டுத்தான் செத்தவன்’ என்று ஒருமுறை யாரோ சொன்னது மட்டும் ஞாபகம். இது என்ன விமானம்? அவர் விட்ட பிழை என்ன?

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

பெரியப்பா இறக்கையில் முதுகைச் சாய்த்து நிற்கிறார். தலைக்கவசம் கையில். முழங்கால் பொக்கெட்டில் மடித்த வரைபடம் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. வெயில் கண்ணில் அடிக்கிறது போலும், ஒரு கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் கொக்பிட் மூடி தெரிகிறது. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளும் இடையில் தடித்த சட்டங்களுமாக, பழைய வீட்டு யன்னல் மாதிரி. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆசனம். இடது ஓரத்தில், உடலுக்கு நல்ல தூரத்தில், இறக்கையோடு பொருத்திய பீப்பாய் போன்ற ஜெட் எஞ்சின். இந்த யன்னல் மூடியும் அந்த எஞ்சினும் பழகப் போனவர் படத்தில் சேர்ந்து வந்தால் ஐயம் குறைவு. அது மீட்டியோர் என்ற பிரித்தானிய ஜெட் போர் விமானத்தின் ரி.7 என்ற பயிற்சி வகை.

அந்தப் பெயரைக் கேட்டால் அந்தக் காலத்து விமானிகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். பிரித்தானிய விமானப்படை தன் சேவைக் காலத்தில் 890 மீட்டியோர்களை இழந்தது. 1953 என்ற ஒரே வருடத்தில் மட்டும் 145. இறந்த விமானிகள் 450 பேர். இவை எதிரி சுட்டு வீழ்த்திய கணக்கல்ல. சொந்த நாட்டு வயல்களிலும் ஓடுபாதை ஓரங்களிலும் நடந்தவை.

ஏன் இப்படி? கொரியாவில் போர் மூண்டதும் விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். புரொப்பெல்லர் விமானத்தில் பழகிய பையன்களை ஜெட்டில் ஏற்றினார்கள். மீட்டியோருக்கு இரண்டு எஞ்சின், இரண்டும் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருந்தன. ஒன்று நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருகித் தள்ளும். அதை நேராக வைத்திருக்க விமானி தன் ஒற்றைக் காலால் சுக்கான் மிதியைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் எந்தக் கால்பலமும் போதாது, விமானம் புரண்டுவிடும். இறங்கும் நேரத்தில் புரண்டால் கீழே இடமிருக்காது.

இந்த ஆபத்துக்குப் பழக்க வேண்டும் என்று வானில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி இறங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் எஞ்சின் நின்று செத்தவர்களைவிட இப்படிப் பழகும்போது செத்தவர்கள் அதிகம் என்று அக்கால விமானிகளே சொல்வார்கள். இதைச் சொல்லிக் கேட்ட அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்துடன் இன்னொரு பொறி இருந்தது. வேகம் குறைக்கும் தடுப்புத் தகடுகளை விரித்தபடியே சக்கரத்தை இறக்கினால் விமானம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கைக் குத்திக்கொண்டு விழும். தகட்டை மடித்துவிட்டுத்தான் சக்கரத்தை இறக்க வேண்டும். ஒரு கைவேலை முன்பின்னாக மாறினால் போச்சு. 1988இல்கூட இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஒரு விமானக் காட்சியில் பழைய மீட்டியோர் ஒன்று இதே விதமாக விழுந்து விமானி இறந்தார். அத்தனை வருடம் கழிந்தும்! எரிபொருளோ ஒரு மணித்தியாலத்துக்கும் போதாது. மேகம் இறங்கி ஓடுபாதை மறைந்தால் காத்திருக்க நேரமில்லை. ரி.7இல் வெளியே தூக்கி எறியும் ஆசனமும் கிடையாது. அந்த யன்னல் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, தானாக ஏறிக் குதிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு அறிக்கையில் எழுதினால் கடைசி வரி என்னவாக இருக்கும்? ‘பைலட் பிழை.’ இரண்டு சொல். தந்தியில் அனுப்பவும் வசதி.

இந்த இரண்டு சொல்லையும் ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் நல்ல அனுபவசாலிகள்கூடத் தரையிறங்கிய பிறகு மடிப்பிறகை (இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறங்கும் தகடு) மடிக்கப் போய்ச் சக்கரத்தை மடித்துவிட்டு வயிற்றில் உட்கார்ந்தார்கள். எல்லாம் பைலட் பிழை என்றுதான் எழுதப்பட்டது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் கொக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. சக்கர விசையின் நுனியில் சின்ன இறப்பர்ச் சில்லையும் மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். கை தடவினாலே தெரிந்துவிடும். அந்தப் பிழை நின்றுவிட்டது. பிறகு 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் பைலட் பிழை என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை கருவிகளின் அமைப்பால் வந்தவை என்று காட்டினார்கள்.

பெரியப்பாவின் விபத்து எப்படி நடந்தது என்று இந்தப் படம் சொல்லாது. ஆனால் தேட வழியிருக்கிறது. பிரித்தானிய விமானப்படை ஒவ்வொரு விபத்துக்கும் 1180 என்ற எண்ணுள்ள படிவ அட்டையில் ஒரு குறிப்பு வைத்தது. அவற்றைப் பற்றி லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அரும்பொருளகத்துக்கு எழுதிக் கேட்கலாம். பெயர், இறந்த திகதி, தெரிந்தால் விமான எண். இவை போதும். கடிதம் எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் படத்தையும் கொண்டு ஒரு ஞாயிறு வாருங்கள். அட்டையிலும் ‘பைலட் பிழை’ என்றுதான் எழுதியிருக்கக்கூடும். அப்படியிருந்தால் அதற்கு மேலே உள்ள வரிகளை வாசியுங்கள்: வானிலை என்ன, எத்தனை மணித்தியாலம் பறந்திருந்தார், எந்தப் பாடம் பழகிக்கொண்டிருந்தார்.

கேள்வி (வாசகர், மட்டக்குளி): பழைய பயிற்சி விமானங்களுக்கு ஏன் மஞ்சள் நிறம்?

தூரத்திலிருந்தே தெரியட்டும், மற்றவர்கள் விலகட்டும் என்றுதான். விழுந்தால் தேடவும் சுலபம். போர்க்காலத்தில் கனடாவில் பொதுநலவாய நாடுகளுக்காக நடந்த பெரும் பயிற்சித் திட்டத்தில் மஞ்சள் விமானங்கள்தான் வானம் முழுக்க. 131,553 பேர் அங்கே தேறி வெளியேறினார்கள். பயிற்சியில் 856 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் பெரிது. அவர்களுடைய தரைப்படையின் விமானப் பிரிவில், போர் முடியுமட்டும் சொந்த நாட்டு எல்லைக்குள்ளேயே 52,651 விபத்துகள். 14,903 பேர் போனார்கள். அவர்களில் பலர் எதிரி விமானத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

கேள்வி (வாசகர், களுத்துறை): போர்க்காலத்தில் எங்கள் பக்கமும் விமானங்கள் விழுந்ததாக அம்மம்மா சொல்வார். இலங்கையிலும் பயிற்சி நடந்ததா?

உங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே நடந்தது. கட்டுக்குருந்தையில் இன்றும் உள்ள அந்த ஓடுபாதை பிரித்தானியக் கடற்படை விமானப் பிரிவின் தளம். ‘உக்குஸ்ஸா’ என்று பெயர், சிங்களத்தில் பருந்து. கடற்படைக்காரனுக்குக் கரையில் இறங்கத் தெரிந்தால் போதாது, ஆடுகிற கப்பலின் தளத்தில் இறங்கத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் தரையிலேயே கப்பல் தள அளவுக்குக் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப இறங்கிப் பழகுவார்கள். மிக மெதுவாக, மிகத் தாழ்வாக, விமானம் விழுவதற்கு ஒரு நூல் மேலே. அந்த வேலையே ஆபத்து.

கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலும் அப்போது விமானத் தளம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானியர் வந்தபோது ஹரிகேன் விமானங்கள் அங்கிருந்தே எழும்பின. இப்போது அங்கே கடைத்தொகுதி. நடைபாதையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது தெரிய நியாயமில்லை.

கொழும்பு லிவரமென்டு மயானத்திலும், திருகோணமலையில் நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்திலும் கல்லறைகளைப் பாருங்கள். விமானப்படை, கடற்படைச் சின்னங்களுக்குக் கீழே வயது எழுதியிருக்கும். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நான் திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு பத்து நிமிடம் நிற்பேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி): அந்தக் காலத்தில் பெண்கள் இராணுவ விமானம் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள், ரீச்சர். அமெரிக்காவில் போர்க்காலத்தில் 1,074 பெண்கள் ‘வாஸ்ப்’ என்ற அமைப்பில் பயிற்சி முடித்துப் பறந்தார்கள். புதிய விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்குக் கொண்டுபோவது, பீரங்கிக்காரர் சுட்டுப் பழக இலக்குத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பது இதெல்லாம் அவர்கள் வேலை. 38 பேர் இறந்தார்கள். அவர்களைக் கணக்கில் சிவிலியன் என்று வைத்திருந்ததால் இராணுவ மரியாதை இல்லை. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பக்கூடத் தோழிகள் காசு சேர்க்க வேண்டியிருந்தது. 1977இல்தான் அவர்களை முன்னாள் படையினராக ஏற்றார்கள்.

அவர்களில் மேபல் ராலின்சன் என்பவரை மட்டும் சொல்கிறேன். 1943 ஓகஸ்ட் 23, வட கரோலினாவில் டேவிஸ் முகாம், இரவுப் பறப்புப் பயிற்சி. விமானம் விழுந்து தீப்பிடித்தது. பின்னால் இருந்த ஆசிரியர் தூக்கி எறியப்பட்டுத் தப்பினார். முன்னால் இருந்த அவரால் மூடியைத் திறக்க முடியவில்லை. அந்த மூடியின் தாழ் சரியில்லை என்று முன்பே சொல்லப்பட்டிருந்ததாம். ஒரு தாழ், ரீச்சர். ஒரு திருப்புளியும் அரை மணித்தியாலமும் கிடைத்திருந்தால் சரியாகியிருக்கும். என் தொழில்காரன் எவனோ நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டது. இதை நினைத்தால் இன்றும் கை நடுங்கும்.

கேள்வி (தாய், தெஹிவளை): என் மகன் பறக்கப் பழகச் சேர்ந்திருக்கிறான். நீங்கள் சென்ற இதழில் எழுதியதை வாசித்த பிறகு நித்திரையில்லை. இப்போதும் அப்படித்தானா?

அம்மா, உங்களைப் பயமுறுத்தியதற்கு மன்னியுங்கள். இப்போது அப்படியில்லை. மகன் படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் மேலே சொன்ன பிள்ளைகளிடமிருந்து வந்ததுதான்.

மேகத்துக்குள் போனால் காது பொய் சொல்லும். சரிந்து விழுகிறபோது நேராகப் போவதாக உடம்பு நினைக்கும். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகளைத் தபால் கொண்டுபோகச் சொல்லி, குளிர்காலத்து இருட்டிலும் பனியிலும் சில கிழமைக்குள் பன்னிரண்டு பேர் அளவில் இறந்த பிறகே, எட்வின் லிங்க் என்பவர் செய்த பயிற்சிப் பெட்டிகளில் ஆறை இராணுவம் வாங்கியது. ஒன்று 3,500 டொலர். தரையிலேயே உட்கார்ந்து, மூடியை மூடிக்கொண்டு, கருவியை மட்டும் நம்பிப் பறக்கப் பழகலாம். மகன் உட்காரப்போகும் சிமியுலேட்டர் அதன் பேரப்பிள்ளை.

ஸ்பின் என்று ஒன்று இருக்கிறது. விமானம் வேகமிழந்து, காய்ந்த இலை மாதிரிச் சுழன்றுகொண்டு விழுவது. பயந்தவன் ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடியை, தன் பக்கம் இழுப்பான். இழுத்தால் மீளாது. சுழலுக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை முழுதாக மிதித்து, ஒரு கணம் பொறுத்து, ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ள வேண்டும். தரை சுழன்றுகொண்டு மேலே வரும்போது மூக்கை இன்னும் கீழே தள்ள மனம் வருமா? அதனால்தான் பழக்குகிறார்கள். 1951இல் நமது விமானப்படை தொடங்கியபோது வந்த முதல் பயிற்சி விமானம் சிப்மங்க். அதன் வாலுக்கு முன்னால் இரு பக்கமும் இரண்டு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பின்னிலிருந்து மீளச் சிலர் பட்ட பாட்டைப் பார்த்துப் பிறகு சேர்த்தவை அவை. அந்தத் தகட்டை நான் எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன்.

துடைக்கும்போது அதன் கதையைச் சொன்னவர் என் பாஸ். பறங்கியர். போர்க்காலத்தில் கட்டுக்குருந்தையில் பிட்டராக இருந்தவர். 1967இல் ஒரு சிப்மங்க் வருடாந்தப் பரிசோதனைக்கு வந்தது. பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு, என்னைக் கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் தடவச் சொன்னார். எண்ணெயும் தூசியும் கலந்த சேறு. அதற்குள் தட்டையாக ஏதோ விரலில் பட்டது. எடுத்தால் ஒரு 25 சதம். ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஸ்டிக்கின் அடியில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. காசை வாங்கி, ஸ்டிக்கின் அடிமூட்டில் வைத்துவிட்டு, என்னை முன்னுக்குத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பாதி வழியில் டக்கென்று நின்றது. இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. “இதுதான் ஸ்பின்னிலே அவன் தள்ளுற ஸ்டிக், தம்பி” என்றார்.

யாருடைய பொக்கெட்டிலிருந்து விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த நாள் ஹேங்கர் வாசலில் ஒரு வெறும் பிஸ்கட் டின் வந்து உட்கார்ந்தது. சில்லறை, திறப்பு, பேனை, சீப்பு எல்லாம் அதற்குள் போட்டுவிட்டுத்தான் யாரும் விமானத்தில் ஏறலாம். ஆசிரியருக்கும் அதே சட்டம்.

மகனிடம் சொல்லுங்கள், அம்மா. ஏறுமுன் பொக்கெட்டைக் காலி செய்யட்டும். மேலங்கிப் பொக்கெட்டையும் பார்க்கட்டும், பேனை அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த 25 சதத்தைப் பாஸ் தன் கருவிப்பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்ற நாள் பெட்டியோடு எனக்குத் தந்துவிட்டார். மகனை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்.